தள்ளுபடிக்காகக் காத்திருந்த ஏழு மாதங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு, வியாசர்பாடி வீட்டு மொட்டை மாடியில் நனைந்த காகிதங்களைக் காயப் போட்டுக்கொண்டிருந்தோம். பீரோவின் கீழ்த் தட்டு வரை தண்ணீர் ஏறிவிட்டது. ரேஷன் கார்டு நகல், அப்பாவின் பிஎஃப் தாள்கள், என் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவுச் சான்று, எல்லாம் செங்கல்லுக்கடியில் வரிசையாகக் கிடந்தன. அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்திருந்த பெரியம்மா பேத்தி (எனக்கு அக்கா மகள் முறை) அதில் ஒரு தாளை எடுத்துப் பார்த்தாள். அவளும் மாட்டு டாக்டர்தான். நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சிற்றூரில் வேலை.

"சித்தி, நீங்களும் லோன் வாங்கித்தான் படிச்சீங்களா?"

"ஆமாம். 3,40,000."

அவள் மனசுக்குள் 83-ஆல் வகுத்தாள் போலிருக்கிறது. நாலாயிரம் டாலர் சொச்சம். சிரித்தாள். பிறகு தன் கடனைச் சொன்னாள்: 1,80,000 டாலர். நம் பணத்தில் ஒன்றரைக் கோடி. இத்தனைக்கும் அவள் பெரிய மாட்டுப் பண்ணை முதலாளியாகப் போகவில்லை, எங்களைப் போலவே கையுறை மாட்டி, தோள் வரை கையை விட்டு, கன்றை இழுக்கிற வேலைதான்.

"அதுல 75,000 டாலர் கவர்மென்ட் கட்டுது. கிராமத்துல இருக்கறதுக்காக" என்றாள்.

கொடுத்து வைத்தவள் என்று எனக்குத் தோன்றியதை மறைக்க மாட்டேன். அன்று சாயந்திரம் வரை நான் கேட்ட கேள்விகளும் அவள் சொன்ன பதில்களும்தான் இதை எழுதவே வைத்தன. ஏனென்றால் தள்ளுபடி என்ற ஒரே சொல்லை அவள் ஒரு விதமாகவும் நான் வேறு விதமாகவும் புரிந்துகொண்டிருந்தோம். என் புரிதலுக்கு நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம்.

முதலில் அவள் கதை. அமெரிக்காவில் 2003-இல் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். கால்நடை மருத்துவர் கிடைக்காத இடத்துக்குப் போய் வேலை பார்ப்பவரின் கல்விக் கடனில் ஒரு பகுதியை அரசு அடைக்கும். வேளாண் துறையின் கீழ் வருகிற திட்டம். பணம் ஒதுக்கி, விதி எழுதி, முதல் ஆட்களைத் தேர்ந்தெடுக்க 2010 ஆகிவிட்டது. ஏழு வருடம்! நம்மூரில்தான் ஃபைல் நகராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவள் கையெழுத்துப் போட்டபோது கணக்கு இப்படி: வருடத்துக்கு அதிகபட்சம் 25,000 டாலர், மூன்று வருடம். பணம் அவள் கைக்கு வராது, கடன் கொடுத்த நிறுவனத்துக்கே போய்விடும். அதை அந்த நாட்டு வரிச் சட்டம் வருமானமாகத்தான் பார்க்கும். அதனால் வரிக்கென்று இன்னொரு 39 சதவீதத்தையும் திட்டமே தனியாகக் கட்டிவிடுகிறது. விண்ணப்பிக்கக் குறைந்தது 15,000 டாலர் கடனாவது இருக்க வேண்டும்.

எந்தக் கிராமத்துக்கு வேண்டுமானாலும் போகலாம் என்றும் இல்லை. எங்கே ஆள் இல்லை என்பதை ஒவ்வொரு மாநிலத்தின் கால்நடை நலத் துறைத் தலைமை அதிகாரி எழுதிக் கொடுக்கிறார். அந்தப் பட்டியலில் இருக்கிற ஒரு குறிப்பிட்ட இடத்துக்குத்தான் விண்ணப்பம் போட முடியும், அதற்கும் போட்டி உண்டு. இடங்களை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் வகையில் வேலை நேரத்தில் 80 சதவீதம் மாடு, பன்றி மாதிரி உணவுக்காக வளர்க்கும் கால்நடைகளுக்கே போக வேண்டும். இரண்டாவது வகை கிராமப்புறத் தனியார் மருத்துவம், அதில் 30 சதவீதம் போதும். மூன்றாவது அரசுப் பணிகள். இவள் இரண்டாவது வகை. காலையில் மாடு, மத்தியானத்துக்கு மேல் நாய், பூனை.

"ஃப்ரீ இல்ல சித்தி. மூணு வருஷம் என்னை எழுதிக் குடுத்திருக்கேன். நடுவுல ஓடினா திருப்பிக் கட்டணும், அதுக்கு மேல ஃபைனும் உண்டு. மாசா மாசம் என் பங்கு டியூவையும் நான் கட்டிட்டே இருக்கணும்."

மூன்று வருடம் முடிந்தாலும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் அவள் தலையில்தான் நிற்கும். அதையும் சொன்னாள். கேன்சஸ் மாநிலத்தில் இன்னொரு முறை இருக்கிறதாம். 2006-இல் தொடங்கியது. தொடங்கியபோது, படிக்கும்போதே வருடத்துக்கு 20,000 டாலர் வீதம் நான்கு வருடம் கடனாகக் கொடுத்தார்கள். படித்து முடித்து, மக்கள்தொகை குறைந்த மாவட்டத்தில் (அப்போதைய விதிப்படி 35,000 பேருக்கு மேல் இல்லாதது) வேலை பார்த்தால், பார்த்த வருடத்துக்கு ஒரு பங்கு கழியும். போகாவிட்டால் வட்டியோடு வசூல். எனக்கு இந்த முறைதான் பிடித்தது. தலையில் கடனை ஏற்றிக்கொண்ட பிறகு யோசிக்கிறவர்களை விட, படிக்கிற வயதிலேயே ஊருக்குத் திரும்ப நினைக்கிற பிள்ளையைப் பிடிப்பது சுலபம்.

சரி, ஏன் இத்தனை செய்கிறார்கள்? கடன் மனிதரைப் பணம் இருக்கிற பக்கம் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஒன்றரைக் கோடி கடனோடு வெளியே வருகிறவர் நாய், பூனை பார்க்கிற நகரத்து கிளினிக்குக்குத்தான் போவார். இங்கேயும் அதே கதை. என்னோடு படித்தவர்களில் கொஞ்சம் வசதியானவர்கள் அண்ணா நகர், வேளச்சேரி, ஓஎம்ஆர் பக்கம் கிளினிக் போட்டார்கள். ஒரு லேப்ரடாருக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கிற காசுக்கு நான் செங்கம் பக்கத்தில் நான்கு மாடு பார்க்க வேண்டும். அவர்களைக் குறை சொல்லவில்லை. எனக்கும் ஆசை இருந்தது, இடம் பிடிக்க முன்பணம் இல்லை.

இனி என் கதை. நாங்கள் இருந்த வீட்டிலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு பஸ்ஸில் இருபது நிமிடம். 1903-இல் சைதாப்பேட்டையில் ஆரம்பித்த கல்லூரி அது. சின்ன வயதில் அப்பா எங்கள் ஆட்டைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே வரிசையில் நின்றிருக்கிறார், நானும் கூட நின்றிருக்கிறேன். அங்கேயே படிக்கலாம் என்று கனவு. 2010 கலந்தாய்வில் கட்-ஆஃப் கொஞ்சம் குறைந்து நாமக்கல் கிடைத்தது. முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்ததால் கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைத்தது. விடுதி, மெஸ், புத்தகம், கம்பூட், ஸ்டெத், போக வர செலவு, இதற்குத்தான் கடன். அப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார். நான்கு லட்சத்துக்குள் என்பதால் சொத்து அடமானம் கேட்கவில்லை.

இங்கே ஒரு விஷயம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கிற காலத்துக்கும் அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்குமான வட்டியை மத்திய அரசு கட்டும் என்று 2009-லேயே திட்டம் வந்துவிட்டது. அதாவது டியூ தொடங்கும்போது வாங்கிய அசல் மட்டும்தான் நிற்க வேண்டும். தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கிக் கொடுத்தோம். ஆனால் மாணவர் போய்க் கேட்டால் கிடைக்கிற பணம் இல்லை இது, வங்கிக் கிளை நமக்காக ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும். எங்கள் கிளை சில வருடங்களுக்குக் கேட்டது, சில வருடங்களுக்குக் கேட்கவே இல்லை. மேனேஜர் மாறினார், ஃபைல் மாறியது. அது எனக்குத் தெரிய வந்தது டியூ தொடங்கிய மாதத்தில்தான். 3,40,000 இருக்க வேண்டிய இடத்தில் 3,78,000 இருந்தது. 38,000 ரூபாய் வட்டி.

கேட்டதற்கு "அந்த வருஷம் போர்ட்டல் மூடிட்டாங்க மேடம்" என்று பதில். ஐந்து வருடத்தில் ஒருமுறையாவது பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு போய், மானிய வட்டி வரவு வைத்திருக்கிறார்களா என்று பார்த்திருந்தால் அது அன்றே தெரிந்திருக்கும். நான் நாமக்கல்லில், அப்பா லேத்தில். யாரும் பார்க்கவில்லை. இப்போது கல்லூரியில் இருக்கிற பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், வருடத்துக்கு ஒரு முறை கடன் கணக்கின் முழு ஸ்டேட்மென்ட்டைக் கேட்டு வாங்குங்கள். எழுத்தில் கேளுங்கள், கேட்ட கடிதத்தின் நகலில் கிளையின் சீல் வாங்குங்கள். வங்கி முப்பது நாளில் பதில் சொல்லாவிட்டால், சொன்ன பதில் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனிலேயே புகார் போடலாம். கட்டணம் கிடையாது. எனக்கு இது தெரிந்தபோது மிகவும் தாமதம்.

12 சதவீத வட்டி, ஏழு வருடம், 84 டியூ. மாதம் 6,670 ரூபாய். 2017 மார்ச்சில் தொடங்கியது.

வேலை திருவண்ணாமலை மாவட்டத்தில், செங்கம் பக்கம், ஒரு தனியார் பால் நிறுவனத்துக்காக ஒப்பந்த முறையில். மாதம் 25,000. பால் ஊற்றுகிறவர்களின் மாட்டைப் பார்க்க வேண்டும், சினை ஊசி போட வேண்டும், தீவனம் பற்றிச் சொல்ல வேண்டும். ஊரில் வீட்டு வாடகை 2,500. சென்னையில் அந்தப் பணத்துக்கு ஒரு ஷேர் ரூமில் கட்டில் கிடைத்தாலே அதிசயம். அதனால்தான் 25,000-இல் 6,670 கட்டியும் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. கிராமத்தில் வேலை பார்ப்பது என்றாலே தியாகம் என்கிற மாதிரி பேசுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால், முதல் மூன்று வருடம் என் கடனைச் சுமந்தது அந்த வாடகைதான். பெட்ரோல் மட்டும் எதிர்பார்த்ததை விட இரண்டு மடங்கு ஆனது. பைக் டயர் வருடத்துக்கு ஒரு ஜோடி. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, நிறுவனத்திடம் பயணப்படி கேட்டு எழுதி வாங்காமல் சேர்ந்தது என் தவறு.

2019 நவம்பரில் டிஎன்பிஎஸ்சி கால்நடை உதவி மருத்துவர் பதவிக்கு 1,141 இடம் அறிவித்தது. எங்கள் செட்டே அந்த நாளுக்காகக் காத்திருந்தது. எழுதினேன். மதிப்பெண் போதவில்லை. அதோடு அந்தப் பேச்சை விடுகிறேன்.

2020-இல் கொரோனா வந்ததும் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆறு மாதம் டியூ கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி வாய்ப்புக் கொடுத்தது. எனக்குச் சம்பளம் நிற்கவில்லை. பால் நிற்காதே. ஆனாலும் எல்லோரும் எடுக்கிறார்களே என்று நானும் எடுத்தேன். அப்போது பாக்கி 2,53,000 சுமார். அந்த ஆறு மாதத்துக்கு வட்டி மட்டும் 15,000 ரூபாய் ஏறி, அது அசலோடு சேர்ந்துகொண்டது. 84 டியூவில் முடிய வேண்டிய கடன் 88 டியூ ஆனது. கட்ட முடியாதவர்களுக்கு அது பெரிய உதவிதான். கட்ட முடிந்த நான் எடுத்ததற்கு நான்கு டியூ கூடுதலாகக் கட்டினேன்.

அப்புறம் வந்ததுதான் பெரிய முட்டாள்தனம்.

2021 பிப்ரவரியில் கூட்டுறவு வங்கிப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாயைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. நான் போகிற ஒவ்வொரு ஊரிலும் அதே பேச்சு. ஏப்ரலில் தேர்தல். கல்விக் கடனும் தள்ளுபடி ஆகும் என்று மேடைகளில் சொன்னார்கள், எங்கள் செட் வாட்ஸ்அப் குரூப்பில் அது இன்னும் ஒரு படி மேலே போய், "மார்ச் 31 அன்று பாக்கி இருப்பவர்களுக்குத்தான் தள்ளுபடி, கட்டி முடித்தவர்களுக்கு இல்லை" என்று சுற்ற ஆரம்பித்தது. யார் எழுதியது, எந்த அரசாணை, யாருக்கும் தெரியாது. இன்னொருத்தி, "கிராமத்தில் வேலை பார்க்கும் கால்நடை மருத்துவர்களுக்கு முன்னுரிமை" என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினாள். திறந்து பார்த்தால் அது அமெரிக்கத் திட்டத்தைப் பற்றிய செய்தியின் அரைகுறைத் தமிழாக்கம். அதாவது என் அக்கா மகளுக்குப் பணம் கொடுக்கிற அதே திட்டம்! அப்போது எனக்கு அது தெரியாது. நம்மூரில் கால்நடை மருத்துவருக்கு அப்படி ஒரு கடன் கழிவு ஏற்பாடே இல்லை என்பதும் தெரியாது. நம்பினேன். நம்பப் பிடித்திருந்தது.

மார்ச் மாதத்திலிருந்து டியூ கட்டுவதை நிறுத்தினேன்.

அந்த நேரத்தில் எனக்கு யாராவது உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கூட்டுறவு வங்கிகள் மாநில அரசின் கட்டுப்பாட்டில் இருப்பவை. அங்கே தள்ளுபடி என்றால் மாநில அரசு அந்தத் தொகையைத் தன் பட்ஜெட்டிலிருந்து கூட்டுறவுகளுக்குக் கொடுக்கும், முடிந்தது. என் கடன் ஒரு தேசிய வங்கியில். அதை மாநில அரசு அறிவிப்பால் அழிக்க முடியாது. யாராவது பணத்தை எண்ணிக் கொடுத்தால்தான் வங்கி கணக்கை மூடும். இந்த ஒரு வித்தியாசம் புரிந்திருந்தால் மேடைப் பேச்சைக் கேட்டுவிட்டு நான் பேசாமல் டியூவைக் கட்டியிருப்பேன்.

அந்த ஆகஸ்ட்டில் ஒரு ராத்திரி. பதினொரு மணிக்குப் போன். ஜெர்சி கலப்பு மாடு, கன்று போட்டு இரண்டாவது நாள், எழுந்திருக்கவே இல்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. போய்ப் பார்த்தால் மாடு கழுத்தை வயிற்றுப் பக்கமாக மடக்கிப் படுத்திருக்கிறது. காதைத் தொட்டால் சில்லென்று இருக்கிறது. பால் காய்ச்சல். பெயர்தான் காய்ச்சல், உடம்பில் சூடே இருக்காது. கன்று போட்டதும் பாலில் கால்சியம் மொத்தமாக இறங்குவதால் ரத்தத்தில் குறைந்துபோய் மாடு விழுந்துவிடும். கால்சியம் பாட்டிலை நரம்பில் ஏற்றினால் போதும். ஆனால் மெதுவாக ஏற்ற வேண்டும். வேகமாக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். ஒரு கையில் பாட்டிலை உயர்த்திப் பிடித்து, இன்னொரு கையால் ஸ்டெத்தை மாட்டின் இடது முழங்கைக்குப் பின்னால் வைத்து, துடிப்பைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மாட்டுக்காரர் எழுபது வயது ஆயா. செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கை நடுங்கியது.

"பொழைச்சிடுமா டாக்டரம்மா? குழுல லோன் போட்டு வாங்கினது. வெள்ளிக்கெழம டியூ."

"இன்சூரன்ஸ் இருக்கா ஆயா? காதுல வில்லை காணோமே."

"எங்க நேரம்..."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் நான்தான் ஏதோ பேச வேண்டுமே என்று, "எனக்கும் லோன் இருக்கு ஆயா. படிச்ச லோன். இப்ப கட்டறது இல்ல, தள்ளுபடி ஆகப் போவுதாம்" என்றேன்.

"ஆனா ஆவட்டும்மா. நான் கட்டலைன்னா குழுல மத்த பொம்பளைங்க கட்டணும். உனக்கு யாரு கட்டுவாங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. மாடு உடம்பெல்லாம் லேசாக நடுங்க ஆரம்பித்தது, பெரிய ஏப்பம் விட்டது, சாணி போட்டது. அரை மணியில் முன்னங்காலை ஊன்றித் தள்ளாடி எழுந்து நின்றது. இந்த வேலையில் இதைவிட நல்ல நிமிடம் எனக்குத் தெரியாது. ஆயா ஒரு படி வேர்க்கடலையை என் பையில் கொட்டினார்.

அந்தக் கேள்விக்குப் பதில் செப்டம்பரில் வியாசர்பாடிக்குத் தபாலில் வந்தது. அப்பா பெயருக்கு. சேர்ந்து கையெழுத்துப் போட்டவர் அவர்தானே. கணக்கு வாராக்கடன் ஆகிவிட்டது, முழு பாக்கியையும் கட்டுங்கள் என்று கடிதம். 90 நாள் நிலுவை தாண்டினால் வாராக்கடன் என்று கணக்கு மாறிவிடும், என்னுடையது எப்போதோ தாண்டியிருந்தது. வசூல் ஆள் ஒருவர் அப்பாவின் பட்டறைக்கே போன் செய்து முதலாளியிடம் பேசியிருக்கிறார். முப்பது வருடம் ஒரே பட்டறையில் யாரிடமும் கை நீட்டாதவர். என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எப்பம்மா வர்ற?" என்று மட்டும் போனில் கேட்டார்.

அம்மா கொடுத்த செயினை அடகு வைத்து, ஏழு மாத டியூவையும் அபராத வட்டியையும் சேர்த்து 48,000 சொச்சம் அக்டோபரில் கட்டினேன். பாதி கட்டினால் போதும் என்று வசூல் ஆள் சொன்னார். கேட்காமல் விட்டது நல்லதாயிற்று. நிலுவை முழுவதும் கட்டினால்தான் கணக்கு வாராக்கடன் என்பதிலிருந்து வெளியே வரும். இன்னொன்று, ஒரு தொகை பேசி ஒரேயடியாக முடித்துக்கொள்ளலாம் என்று ஆசை காட்டுவார்கள். அப்படி முடித்தால் கடன் வரலாற்றில் "செட்டில்டு" என்று பதிவாகும், "குளோஸ்டு" என்று ஆகாது. அடுத்த வங்கி அந்தச் சொல்லைப் பார்த்ததும் ஃபைலை மூடிவிடும்.

எனக்கு அதைவிடக் குறைந்த தழும்புக்கே ஃபைலை மூடினார்கள். அக்ரி கிளினிக் என்று ஒரு மத்திய அரசுத் திட்டம் 2002 முதல் இருக்கிறது. வேளாண், கால்நடைப் பட்டதாரிகளுக்கு 45 நாள் பயிற்சி கொடுத்து, சொந்தமாக ஆலோசனை மையமோ கிளினிக்கோ தொடங்க வங்கிக் கடனுக்கு வழி செய்வார்கள். தனிநபருக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. மானியம் பொதுப் பிரிவுக்கு 36 சதவீதம், பெண்களுக்கு 44 சதவீதம். கிராமத்துக்குப் போகிற கால்நடை மருத்துவருக்கு நம்மூரில் அரசு நீட்டுகிற கை என்றால் நான் பார்த்தவரை இதுதான். பழைய கடனைக் கழிக்காது, புதிய கடனைச் சுமக்க உதவும். 2022-இல் பயிற்சி முடித்தேன். செங்கத்தில் ஒரு சின்ன கிளினிக், மருந்துக் கடை, ஸ்கேன் மெஷின், ஏழு லட்சத்துக்குத் திட்டம் போட்டு வங்கிக்குப் போனேன். மேனேஜர் நல்ல மனிதர், அவருக்கும் இரண்டு மாடு இருந்தது. என் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணைப் பார்த்தார். அறுநூற்றுச் சொச்சம். ஏழு மாத நிலுவை சிவப்பு எழுத்தில்.

"ரெண்டு வருஷம் ஒழுங்கா கட்டிட்டு வாங்க டாக்டர்" என்றார்.

ஏழு லட்சத்தில் 44 சதவீதம் என்றால் மூன்று லட்சத்துக்கு மேல். ஏறக்குறைய நான் படிக்க வாங்கிய முழுக் கடன் அளவு. ஏழு மாதம் டியூவைக் கட்டாமல் மிச்சம் பிடித்தது 46,000. இந்தக் கணக்கை மாடியில் அக்கா மகளிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. "உன் திட்டத்துல என்ன எழுதியிருக்கு, நான் பார்க்கலாமா?" என்று அவளுடைய ஒப்பந்தத்தைப் போனில் காட்டச் சொன்னேன். எத்தனை மாதம், எந்த ஊர், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு தொகை, மீறினால் என்ன, எல்லாம் இருந்தது. கீழே இரண்டு கையெழுத்து. எனக்கு 2021-இல் கிடைத்தது ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு.

இது மாதிரி ஒரு ஏற்பாடு இங்கே வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். 3,40,000 கடனைக் கழிக்க அரசுக்குப் பெரிய செலவில்லை. ஜவ்வாது மலை மாதிரி இடத்தில் மூன்று வருடம் இருக்கிறேன் என்று எழுதிக் கொடுப்பவருக்கு வருடத்துக்கு ஒரு லட்சம் கழித்தாலே ஆள் வருவார்கள். ஆனால் வரும்போது வரட்டும். அதுவரை டியூ தேதி ஐந்து என்றால் ஐந்துதான்.

விட்டுப்போன சில விஷயங்கள். வருமான வரி கட்டுகிற நிலையில் இருந்தால் கல்விக் கடன் வட்டிக்குக் கழிவு உண்டு. வட்டிக்கு மட்டும், அசலுக்கு இல்லை. கட்டத் தொடங்கியதிலிருந்து எட்டு வருடம் வரை, உச்சவரம்பு இல்லை. பழைய வரி முறையில்தான் செல்லும். வசூல் ஆட்கள் காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கடன் வாங்காத மூன்றாம் ஆளிடம், அதாவது அப்பாவின் முதலாளியிடம், பேசுவதும் தவறு. அப்போது நான் புகார் கொடுக்கவில்லை, வெட்கமாக இருந்தது. இன்று என்றால் கொடுப்பேன். கட்ட முடியாத மாதம் வருகிறது என்று தெரிந்தால், தவறுவதற்கு முன்பே கிளைக்குப் போய்க் காலத்தை நீட்டித்து டியூவைக் குறைக்கச் சொல்லி மனு கொடுக்கலாம். தவறிய பிறகு போனால் பேச்சின் தொனியே வேறு.

2024 நவம்பரில் கையிருப்பைப் போட்டுக் கடைசி பாக்கியையும் முடித்தேன். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். கவுன்டரில் நிலுவை இல்லாச் சான்று கேட்டதற்கு ஒரு வாரம் ஆகும் என்றார்கள், நாங்கள் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம். மூன்று மணிக்குக் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். கணக்கு இன்னும் திறந்திருப்பதாகவே காட்டியது. அந்தச் சான்றை வைத்துத் திருத்தம் கேட்டு, அது சரியாக இன்னும் ஒரு மாதம்.

போன மாதம் செங்கம் மேனேஜரிடம் மறுபடி போனேன். அவர் மாறிவிட்டார், புதியவர் இருக்கிறார். மாடு வளர்க்காதவர். பழைய பயிற்சிச் சான்றிதழ் செல்லுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார், தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜுக்கும் ஸ்கேன் மெஷினுக்கும் புதிய கொட்டேஷன் கேட்டிருக்கிறார். பாரிமுனையில் இரண்டு கடைகளில் விசாரித்தாயிற்று. மூன்றாவது கொட்டேஷன் திங்கட்கிழமை வரும்.